இறந்தவர் பெயரில் கிரயம்: பதிவாளரால் ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: அப்பா 2019-ல் காலமானார். 2021-ல் அவரே நேரில் வந்து எங்கள் மனையை விற்றதாக ஒரு கிரயப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. 2023 மார்ச்சில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி மாவட்டப் பதிவாளரிடம் பதிவுச் சட்டம் 77-ஏ பிரிவில் மனு கொடுத்தோம். இப்போது, நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். மனை எங்கள் வசம்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- செங்கல்பட்டு வாசகர்

பதில்: மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தந்தது 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். 77-ஏ அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பதிவான பத்திரத்தைப் பதிவுத்துறையே ரத்து செய்ய முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி என்று 2016-லேயே சத்யபால் ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு இது அநியாயமாகப் படும். இறப்புச் சான்றிதழைப் பார்த்தாலே விளங்கும் மோசடிக்கு எதற்கு வருடக்கணக்கில் வழக்கு? ஆனால் எல்லா மனுக்களும் உங்களுடையது போல் இல்லை. விற்றுப் பணம் வாங்கிவிட்டு, பிறகு விலை ஏறியதும் ‘அது என் கையெழுத்தே இல்லை’ என்பவர்களும் இதே பிரிவில் மனு போட்டார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஓர் அதிகாரி ஒருவரின் சொத்துரிமையைத் தீர்மானிப்பது ஆபத்து என்றே நானும் நினைக்கிறேன்.

சரி, உங்கள் அவசரம் வழக்குப் போடுவதற்கான காலவரையறை. மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 2026 மார்ச். பதிவாளரிடம் போன காலத்தைக் கழிக்கும்படி காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவின் கொள்கையைக் காட்டிக் கேட்கலாம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மனை இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில், அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையும் (நீதிமன்ற அறிவிப்பு), மனை மீதான உங்கள் அனுபவத்தில் தலையிடாதிருக்க உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) கேளுங்கள். பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் உங்கள் அப்பா அல்ல என்பதே உங்கள் வாதம். அதனால் ‘ரத்து’ என்று கேட்பதைவிட விளம்புகை கேட்பதே சரி. அம்மா, உடன்பிறந்தவர்கள் என வாரிசுகள் எல்லோரையும் வழக்கில் சேர்த்துவிடுங்கள். வாங்கியவரோடு, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விசாரிக்க வேண்டிவரும். வழக்கு நடக்கும்போது மனை கைமாறினாலும், சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி புதிதாக வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

நில அபகரிப்புப் பிரிவில் போலீஸ் புகாரும் கொடுங்கள். ஆள்மாறாட்டம் செய்தவர் சிறைக்கே போனாலும் பத்திரம் தானாக மறையாது. அதற்கு உரிமையியல் தீர்ப்பு வேண்டும். அந்தத் தீர்ப்பாணையைச் சார்பதிவாளரிடம் பதிந்தால் வில்லங்கத்திலும் ஏறிவிடும்.