கிழட்டுக் கொசுதான் வில்லன்: மலேரியா கேள்வி பதில்

மலேரியாக் கட்டுப்பாடுதான் என் ஆய்வு வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொசுவையே ஒழிக்க முடியவில்லை. மலேரியாவை எப்படி மேடம் ஒழிப்பீர்கள்?

கொசுவை ஒழிக்க வேண்டாம், அதைக் கிழடாக விடாமல் இருந்தால் போதும். நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. உள்ளே போன கிருமி கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். குளிர் காலத்தில் இன்னும் இழுக்கும். அதுவரை அந்தக் கொசு உயிரோடு இருக்க வேண்டுமே!

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தினமும் 100க்கு 90 கொசு பிழைக்கிற இடத்தில், பத்தாம் நாள் 35 மிஞ்சும். 100க்கு 70 மட்டும் பிழைத்தால் பத்தாம் நாள் மிஞ்சுவது வெறும் 3. தண்ணீரில் வளரும் கொசுப் புழுக்களைப் பாதியாகக் குறைத்தால் கொசுவும் பாதியாகும், அவ்வளவுதான். வளர்ந்த கொசுவின் ஆயுளைச் சில நாள் வெட்டினால் நோய்ப்பரவல் அப்படியே சரிந்துவிடும். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் இதைக் கணித முறையில் காட்டினார். மருந்து தோய்த்த வலையும் சுவரில் தெளிக்கும் மருந்தும் இந்தக் கணக்கை நம்பித்தான் நிற்கின்றன.

கேள்வி: அப்படியென்றால் தெருவில் புகை அடிப்பது எதற்கு?

அந்த நேரத்தில் பறக்கிற கொசு சாகும். புகை கலைந்ததும் வேலை முடிந்தது. மலேரியாக் கொசுக்களில் பல, ரத்தம் குடித்துக் கனத்த வயிற்றோடு வீட்டுச் சுவரில்தான் போய் உட்காரும். அங்கே தெளித்த மருந்து மாதக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் சுவரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, புகை தெரிகிறது. அதனால் மக்கள் கேட்பதும் புகையைத்தான்.

கேள்வி: வலையைத் துவைக்கலாமா?

துவைக்கலாம். சாதாரண சோப்பு போதும், நிழலில் காயப் போடுங்கள். வெயில் மருந்தைக் கெடுக்கும். வலையில் வழக்கமாகத் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்துக்கு மசியாத கொசுக்கள் பெருகிவிட்டதால், இரண்டு மருந்து சேர்த்த வலைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கேள்வி: மாடித் தொட்டியில் புழு நெளிகிறது. அது மலேரியாக் கொசுவா?

தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி கிடந்தால் அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் வேறு இனம். எதுவாக இருந்தாலும் தொட்டியை இறுக மூடுங்கள். தொட்டியில் பழகிய அனாபிலிஸ் ஸ்டீபன்சி இனம் ஆசியாவிலிருந்து கிளம்பி 2012இல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது. ஆப்பிரிக்க நகரங்களுக்கு அது இப்போது புதுத் தலைவலி.

கேள்வி: என் அண்ணனுக்கு மலேரியா குணமாகி ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி கொசு கடித்ததா?

கடிக்காமலேயே வரலாம். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து விழிக்கும். ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் மாத்திரை இதைத் தொடாது. தூங்குகிற கிருமிக்குப் பிரிமாகுயின் என்ற மாத்திரை, வழக்கமாக 14 நாள். சிக்கல் இங்கேதான்: மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், அப்புறம் மாத்திரை யாருக்கு நினைவிருக்கும்? வீடுவீடாகப் போகும்போது அலமாரியில் பாதி மீந்த மாத்திரைப் பட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அண்ணனை மருத்துவரிடம் அழைத்துப் போய், முன்பு வந்தது எந்த வகை, 14 நாளும் முடித்தாரா என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தடுப்பூசி வந்துவிட்டதாமே?

இரண்டு இருக்கின்றன. 2021இல் ஆர்டிஎஸ்,எஸ், 2023இல் ஆர்21 ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டுமே மலேரியாவின் மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரத்துக்கு எதிராக, குழந்தைகளுக்கு. வலைக்கு மாற்று அல்ல, கூடுதல் துணை.

கேள்வி: நோயாளிகளே இல்லாத ஊரில் இன்னும் எதற்கு மலேரியாவுக்குச் செலவு?

இலங்கையைப் பாருங்கள். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. வேலை முடிந்தது என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோருக்கு நோய். மறுபடி அதைத் துரத்த அரை நூற்றாண்டு பிடித்தது. 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. கொசு அங்கே இன்றும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரை உடனே கண்டுபிடிக்காவிட்டால் பழைய கதைதான். நோய் குறையக் குறைய மருந்துச் செலவு குறையும், தேடும் செலவு குறையாது. நிதி ஒதுக்குகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

கேள்வி: உங்களுக்கு மலேரியா வந்திருக்கிறதா?

இரண்டு முறை. இரண்டாவது, அந்தத் தூங்குகிற வகை. ஒன்பதாம் நாள் மாத்திரையை மறந்தது நான்தான்.