காய்ச்சல் விட்டது, கிருமி விடவில்லை

கேள்வி: டாக்டர், எங்களுக்கு நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு டைபாய்டு வந்தது. மாத்திரை கொடுத்த நான்கே நாளில் காய்ச்சல் விட்டதால் மீதியைக் கொடுக்கவில்லை. மூன்றே வாரத்தில் மறுபடியும் காய்ச்சல். முட்டை, கறி என்று நன்றாகச் சாப்பிடுகிற பையனுக்கு எதிர்ப்பு சக்தி எப்படிக் குறைந்தது? வீட்டை ஒட்டியிருக்கும் எங்கள் கோழிப்பண்ணைதான் காரணமா? சமையல் என் அம்மா பொறுப்பு. பித்தப்பைக் கல் இருப்பதால் அவர் எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை. மகனும் தவிர்க்க வேண்டுமா?

பதில்: உங்கள் மகனின் எதிர்ப்பு சக்தியில் குறை என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள் அம்மா. அதை ஏமாற்றத் தெரிந்த கிருமி இது.

முதலில் பண்ணையை விட்டுவிடுவோம். கோழி, முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா என்ற கிருமி பெரும்பாலும் ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கைத் தரும். அதே சால்மோனெல்லாவில் டைபாய்டு தரும் 'டைஃபி' வகை மனித உடலில் மட்டுமே வாழ்கிறது. மனிதக் கழிவு கலந்த தண்ணீரும் கழுவாத கையும்தான் அதன் வழி.

கோழி ஷெட்டுக்குள் நுழையும்முன் மருந்துத் தண்ணீரில் கால் நனைப்பீர்கள் இல்லையா? அதுபோல நம் உடம்பின் வாசலில் வயிற்று அமிலம் இருக்கிறது. அதில் பல கிருமிகள் செத்துவிடும். தப்பியவை சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வருகின்றன. அங்கே குடல் சுவரில் பேயர் திட்டுகள் என்று காவல் சாவடிகள் உண்டு. அவற்றின் மேல் இருக்கும் எம் செல்கள், குடலில் போகிற வருகிறதை மாதிரி எடுத்து உள்ளே இருக்கும் காவல் செல்களிடம் கொடுக்கும். சால்மோனெல்லா நுழைவது அந்த வழியாகத்தான். மற்ற குடல் செல்களையும் விடாது. ஊசி போன்ற ஓர் உறுப்பால் தன் புரதங்களைச் செலுத்தினால், அந்தச் செல்லே கிருமியை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே மேக்ரோஃபேஜ் என்ற செல் கிருமியை விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க, அமிலமும் நொதிகளும் நிறைந்த பைகள் வந்து சேர வேண்டும். அதையும் இந்தக் கிருமி ஊசிப் புரதங்களால் கெடுத்துவிட்டு, அங்கேயே குடியிருந்து பெருகும். அந்தச் செல்லில் ஏறியே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும். டைஃபிக்கு 'விஐ' என்ற சர்க்கரைப் போர்வையும் உண்டு. அதைப் போர்த்திக்கொள்வதால் உடம்பின் அபாய மணி லேசாகத்தான் அடிக்கும். கிருமி புகுந்து ஒன்றிரண்டு வாரம் வரை பையன் சாதாரணமாக விளையாடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். காய்ச்சல் விட்டபோதும் செல்லுக்குள் பதுங்கியவை மிச்சம் இருந்திருக்கும். மருந்து அங்கேயும் போய் வேலை செய்யத்தான் முழு நாள் கணக்கு. இரண்டு மூன்று வாரத்தில் திரும்புவது டைபாய்டின் வழக்கமான குணம்.

இந்த முறை பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும்முன் ப்ளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்கச் சொல்லுங்கள். டைபாய்டுக்கு வழக்கமாக எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனை பழைய டைபாய்டையே காட்டிக்கொண்டிருக்கலாம். எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பது கல்ச்சரில் தெரியும். கடுமையான வயிற்று வலி, கறுப்பாக மலம், பிதற்றல் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பேயர் திட்டுகள் புண்ணாகிக் குடலில் ஓட்டை விழக்கூடும்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் இருக்கும்வரை இட்லி, ரசம் சாதம், கஞ்சி போதும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மாவின் பித்தப்பைக் கல். டைஃபி அந்தக் கல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்க முடியும். அப்படி இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, மலத்தில் கிருமி மட்டும் வெளியேறும். அவருக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மலத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள், ஒரே முறையில் தெரியாமல் போகலாம் என்பதால் வெவ்வேறு நாளில் சில முறை. பேரனுக்குத் தன்னால் வந்ததோ என்று அவர் மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்ததும், சமைக்கும்முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டால் அவரே தாராளமாகச் சமைக்கட்டும். கல்ச்சரில் கிருமி இருந்தால் மட்டும், சிகிச்சை முடியும்வரை அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.