ஜீப்பின் தகடு 35 மில்லி கனமா?

கே.எஸ்., கரூர்: இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பிளாஸ்டிக் மாடல், 1/35 அளவு (அசலில் 35-இல் ஒரு பங்கு), ஜப்பானின் டாமியா கம்பெனிப் பெட்டி வாங்கி ஒட்டி முடித்தேன். ஒரு பாகமும் விட்டுப்போகவில்லை, பெயின்ட்டும் பரவாயில்லை. ஆனாலும் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. எங்கே கோட்டை விட்டேன்?

நீங்கள் கோட்டை விடவில்லை தம்பி. படத்தைப் பார்த்தேன், சுத்தமான கை. ஒரு ஸ்கேலை எடுத்துப் பாடியின் பக்கச் சுவர் மேல்விளிம்பின் கனத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு மில்லி காட்டும். அதை 35-ஆல் பெருக்குங்கள். அசல் ஜீப்பின் தகடு 2 மில்லிகூட இராது. உங்களுடையது 35 மில்லி! கவச வண்டிக்கு ஜீப் வேஷம் கட்டியிருக்கிறீர்கள். கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றும்போது ஓரளவு கனம் இருந்தால்தான் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும்.

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் முப்பது வருடம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன் நான். ஒரு தகடு கனமா மெல்லிசா என்பதை விளிம்பை வைத்துத்தான் கண் முடிவு செய்கிறது; நடுப்பகுதி எவ்வளவு தடியாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே முழுச் சுவரையும் தேய்க்க வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, உள்பக்கமாக, விளிம்பை நோக்கிச் சாய்வாகச் சுரண்டுங்கள். தேங்காய் துருவுகிற மாதிரி இழுக்கக் கூடாது. கேரட் தோல் சீவுகிற மாதிரி, லேசாக, பல தடவை. பிறகு 400, அடுத்து 800 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். முன்சக்கர மட்கார்டின் கீழ்விளிம்புக்கும் இதே வைத்தியம்தான்.

என் முதல் ஜீப்பில் ஆசை அதிகமாகி, இடது மட்கார்டு ஓட்டையாகும் வரை சுரண்டிவிட்டேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை அடியில் ஒட்டிச் சமாளித்தேன். அந்த இடம் சற்று நெளிந்து, எதன்மீதோ இடித்துக்கொண்ட மட்கார்டு மாதிரி வந்தது. இன்றைக்கும் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மாத்திரைத் தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். கோடரியையும் மண்வாரியையும் கட்டியிருக்கும் வாருக்கு அதை விட்டால் வேறில்லை. வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். கொஞ்சம் விறைப்பு வேண்டுமென்றால் குளிர்பான டப்பாவைக் கத்தரியுங்கள். அதன் கனம் சுமார் 0.1 மில்லி, அசல் கணக்கில் மூன்றரை மில்லி. பிராக்கெட், கிளாம்பு வகையறாவுக்குச் சரியாக இருக்கும். பாடியின் பக்கத்தில் இருக்கும் கைப்பிடிகளைச் சீவி எறிந்துவிட்டு, பழைய சார்ஜர் ஒயரின் செம்புக் கம்பியை வளைத்துச் செருகுங்கள்.

எம்., போடிநாயக்கனூர்: எங்கள் ஊரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் தினமும் வாசலில் நிற்கின்றன. அவற்றையே அளந்து மாடல் செய்யலாமா?

கொடுத்துவைத்தவர் நீங்கள்! ஆனால் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பக்கக் கிரில்லில் நீளவாக்கு ஓட்டைகளை எண்ணுங்கள். போர்க்கால வில்லிஸில் 9. 1945-இல் சிவிலியன்களுக்கென்று வந்த சிஜே-2ஏ தொடங்கி 7. மஹிந்திரா 1947-இல் இங்கே ஜீப் பூட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் பிற்பாடு வெகுகாலம் செய்த சிஜே-3பி இனத்துக்கும் 7-தான். அதன் பானெட் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் உயரமான எஞ்சின் என்பதால்.

போர்க்கால வண்டியின் ஹெட்லைட்டுகள் சிறியவை, கிரில்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். கீல் வைத்திருப்பார்கள், விளக்கைப் பின்னால் திருப்பினால் ராத்திரியில் எஞ்சினுக்கு வெளிச்சம். பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது, அங்கே ஸ்டெப்னி தொங்கும். பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். எண்ணெய் ஊற்ற அவர் எழுந்து நிற்க வேண்டும். முக்கியமாக ஸ்டியரிங். உங்கள் வாசல் ஜீப்பைப் பார்த்துச் செய்தால் வலப்பக்கம் வைத்துவிடுவீர்கள். அமெரிக்கப் படை வண்டிக்கு அது இடப்பக்கம்.

அப்படியானால் அந்த ஜீப்பால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. டேப்பை எடுத்து முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை அளந்து பாருங்கள். 80 அங்குலம் வந்தால் அது வில்லிஸின் நேர் வாரிசு. மாடலில் அது 58 மில்லி வர வேண்டும். பிறகு கீழே குனிந்து, லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று போட்டோ எடுங்கள். ஏறும் இடத்தில் செருப்புப் பட்டு பெயின்ட் எங்கே தேய்ந்திருக்கிறது, சேறு எந்த உயரம் வரை தெறித்திருக்கிறது, கசிந்த எண்ணெயில் புழுதி எங்கே அப்பியிருக்கிறது, இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது. சேற்றின் நிறத்தை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். நார்மண்டிக் கடற்கரையில் போடிச் செம்மண் அப்பிய ஜீப்பை ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார்!

ஆர்.வி., தஞ்சாவூர்: மாடல் அளவு 1/32, 1/36 என்று இல்லாமல் ஏன் 1/35?

பேட்டரி செய்த வேலை. 1960-களின் தொடக்கத்தில் டாமியா ஒரு பான்தர் டாங்கி மாடலை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தது. உள்ளே பேட்டரிகள் உட்காரும் அளவுக்கு உடலை அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் 35-இல் ஒரு பங்கு வந்தது. அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது.

ஜே., நாகர்கோவில்: பம்பரில் செங்குத்தாக நிற்கும் இரும்புக் கம்பம் என் பெட்டியில் இல்லை. நானே செய்ய முடியுமா?

கண்டிப்பாக. அசலே பட்டறை வேலைதான். கழுத்து உயரத்துக்குச் சாலையின் குறுக்கே ஜெர்மானியர் கம்பி கட்டிவைப்பார்கள். முன்கண்ணாடியை மடக்கிவிட்டு ஓட்டி வருகிறவனின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் படையினர் பம்பரில் ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து, ஓட்டுகிறவன் தலைக்கு மேலே போகும்படி நிறுத்தினார்கள். உச்சி முன்னால் சாய்ந்திருக்கும். அதில் உள்ள வெட்டு கம்பியைக் கவ்வி அறுத்துவிடும். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. ஆகவே உங்களுடையது தப்பென்று சொல்ல ஆளில்லை. ஒரு பழைய போட்டோவை மட்டும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

2 அங்குல ஆங்கிளுக்கு ஒன்றரை மில்லிக்குச் சற்றுக் குறைவான பட்டை இரண்டை மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, ‘ட’ மாதிரி சேர்த்து ஒட்டுங்கள். அடியில் வெல்டிங் தழும்பு இல்லாவிட்டால் ஃபெவிகால் போட்டு ஒட்டியது போலிருக்கும். பாகங்கள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்தி மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். அந்த நூலை மூட்டில் வைத்துப் பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) தொட்டு, நூல் மெத்தென்று ஆனதும் பிளேடு முனையால் குத்திக் குத்தி வாருங்கள். கலக்கி ஊற்றிய பஜ்ஜி மாவு மாதிரி வழவழவென்று இருக்கக் கூடாது. செதில் செதிலாக இருக்க வேண்டும்.

ஏ.பி., ஈரோடு: முன்கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். மறுநாள் வெண்புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது.

அந்தப் பசையின் ஆவிதான் படிந்திருக்கிறது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசையைத் தவிர வேறெதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். லேசான மங்கல் என்றால் 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டுப் பற்பசையால் மெருகேற்றினால் தேறும்.

திருமதி எல்., சேலம்: பெயின்ட்டை அழிக்கிறேன் என்று என் நெயில் பாலிஷ் ரிமூவரை என் கணவர் எடுத்துப் போனார். ஜீப் இப்போது அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ரிமூவரில் அசிட்டோன் இருந்திருக்கும் அம்மா. இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உருகிய பாடியை மீட்க வழியில்லை. ஆனால் சக்கரம், ஜெர்ரி கேன் (பெட்ரோல் டின்), ஸ்டியரிங் எல்லாம் தனியாகக் கழற்றியிருந்தால் பத்திரமாக இருக்கும், அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைச் சாலையோரம் எரிந்து கிடக்கும் ஜீப்பாக்கிக் காட்சிப்படுத்தலாம். துருவுக்குச் செங்கல்பொடியே போதும். ரிமூவர் பாட்டிலை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.