ஏசி போட்டதும் கீச்சிடும் பெல்ட்

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். ஏசி போட்டவுடன் ‘கீச்’ என்று சத்தம் எழுந்து சில நொடிகளில் அடங்குகிறது. சிக்னலில் நின்றால் குளிர்ச்சி குறைகிறது, ஓடும்போது சரியாகிவிடுகிறது. ஒரு மெக்கானிக் ஏசி கேஸ் நிரப்பச் சொல்கிறார், இன்னொருவர் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். இவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் சத்தம். என்ஜின் ஓடும் நேரமெல்லாம் பெல்ட்டும், ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏசி பட்டனை அழுத்தியதும் காந்தக் கிளட்ச் ‘டக்’ என்று பிடித்துக் கம்ப்ரஸரையும் சேர்த்துச் சுழற்றும். அந்தத் திடீர்ப் பாரத்தில் பெல்ட் வழுக்கினால் கீச்சிடும். என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பெல்ட்டின் வரிகளைப் பாருங்கள். பழைய வகை ரப்பர் பெல்ட் வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் எளிதில் வெடிக்காது. வரிகளுக்கு இடையிலான பள்ளம் தேய்ந்து அகன்றுவிடும். ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். வரிகள் பளபளவென்று மின்னினாலும் பெல்ட்டை மாற்றுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெல்ட்டில் எண்ணெயோ கூலன்ட்டோ (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பட்டிருந்தால் அந்தக் கசிவை முதலில் அடைக்க வேண்டும்.

அப்படியே, என்ஜின் ஓடாத நிலையில், கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான தடையோடு சுற்றினால் நல்லது. கல் அரைபடுவதுபோல் இறுகினால் கம்ப்ரஸர் உள்ளே பழுதாகிறது; அப்போது புதுப் பெல்ட்டும் கீச்சிடும். ஏசியை அணைத்த பிறகும் கரகரவென்று கேட்டால் புல்லி பேரிங்கைச் சந்தேகியுங்கள். பல கார்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம், கம்ப்ரஸர் செலவு மிச்சம்.

பெல்ட் வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பல கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் என்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. வழியில் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், என்ஜின் சூடேறும். உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

அடுத்து குளிர்ச்சி. ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றுவது காரின் முன்பக்கம் இருக்கும் கண்டன்ஸர்; ஓடும்போது அதற்குக் காற்று தானாக வருகிறது. நின்றால் அங்குள்ள மின்விசிறிதான் கதி. ஏசியைப் போட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். சுற்றினால், கண்டன்ஸரில் அடைந்த தூசியை மெதுவாக நீர் விட்டுக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது; குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்காமல் யாரையும் கேஸ் நிரப்ப விடாதீர்கள்.