2024-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில், பிக் டென் என்ற அணிக் குழுவின் கோப்பையைத் தூக்கியது நட்சத்திர ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா அணிதானே? பிறகு ஏன் பிக் டென் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட் என்று எழுதுகிறார்கள்?

இரண்டு அணிகளுமே சாம்பியன்தான். அயோவா ஜெயித்தது மார்ச் மாதம் மின்னியாபொலிஸில் ஐந்து நாள் நடந்த நாக் அவுட் போட்டியை. ஒஹாயோ ஸ்டேட் ஜெயித்தது அதற்கு முன்பு குளிர்காலம் முழுக்க நடந்த லீக்கை. இவற்றில் எது பெரிது என்றுதான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் வசிப்பவன், அந்த அணியின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் மேல்மட்டத்தில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கும் அதிகமான அணிகள் உண்டு. எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. அதனால் கான்ஃபரன்ஸ் எனப்படும் முப்பதுக்கும் அதிகமான குழுக்களாகப் பிரிந்து ஆடுகிறார்கள். அதில் ஒன்று பிக் டென். பெயரில் பத்து இருந்தாலும் 2023-24இல் 14 அணிகள், ஆளுக்கு 18 லீக் ஆட்டங்கள். கணக்குப் போட்டால் தெரியும், 13 எதிராளிகளில் ஐந்து பேரோடு மட்டும்தான் இரண்டு முறை மோத முடியும். யாரோடு இரண்டு, யாரோடு ஒன்று என்பதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. இது லீக்கின் குறைதான், மறுக்கவில்லை. அந்த ஆண்டு லீக் முடிந்ததும் எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி நாக் அவுட் ஆடின. அதில் ஜெயிப்பவருக்கு 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் நேரடி இடம். லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை, தேர்வுக்குழுதான் கூப்பிட வேண்டும். நாக் அவுட்டே பெரிது என்ற எண்ணம் பரவ இதுவே காரணம் என்பேன்.

என் கட்சி வேறு. லீக்கில் உங்களோடு ஆடுபவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, உங்கள் வழக்கம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கிளார்க் அந்த சீசனில் எங்கிருந்து வேண்டுமானாலும் எறிந்தார். ஜனவரி 2 அன்று மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக, மைதான நடுவில் வரைந்திருக்கும் சின்னத்தின் பக்கத்திலிருந்து எறிந்த பந்து கடைசி நொடியில் உள்ளே போய் 76-73 என்று முடிந்தது. அப்படிப்பட்டவர் இருந்தும் பிக் டென்னில் மூன்று அணிகள் அயோவாவைத் தோற்கடித்தன. ஜனவரி 21 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் கூடுதல் நேரத்தில் 100-92. கிளார்க் அன்று 45 புள்ளி எடுத்தும் பலிக்கவில்லை, இந்தப் பக்கம் கோட்டி மெக்மஹன் 33 எடுத்துவிட்டார். (முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து, ஓடிவந்த ஒருவர் கிளார்க் மேல் மோதினாரே, அந்த ஆட்டம்தான்.) பிப்ரவரி 11 அன்று லிங்கனில் நெப்ராஸ்கா 82-79, கடைசி குவார்ட்டரில் கிளார்க்குக்கு ஒரு புள்ளிகூட விடவில்லை. பிப்ரவரி 22 அன்று புளூமிங்டனில் இண்டியானா 86-69.

நடுவில் பிப்ரவரி 15 வருகிறது. மிச்சிகனுக்கு எதிராக 49 புள்ளி எடுத்து, கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்த கெல்சி பிளம்மின் 3,527 என்ற சாதனையைக் கிளார்க் தாண்டினார். அந்த வாரம் டிவியைத் திறந்தால் அவர் முகம்தான். லீக் பட்டியலில் மேலே இருந்த அணியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் தவிர யாரும் மூச்சு விடவில்லை.

அந்த ஒஹாயோ ஸ்டேட்டைப் பற்றித்தான் சொல்ல ஆசை. பயிற்சியாளர் கெவின் மெக்கஃப்பின் அணி கூடை போட்ட மறுநொடியே எதிரணியை அவர்கள் முனையிலேயே மடக்கும். முழு மைதான பிரஸ். பந்தை உள்ளே கொண்டுவரவே எதிரணி திணறும். அப்போது முன்னால் நின்றவர்கள் ஜேசி ஷெல்டனும் செலஸ்ட் டெய்லரும். டெய்லர் டியூக்கிலிருந்து மாறி வந்தவர், அந்த ஆண்டு பிக் டென்னின் சிறந்த தடுப்பாட்டக்காரர். டிசம்பர் கடைசியில் மிச்சிகனிடம் தோற்ற பிறகு தொடர்ந்து 15 வெற்றி. லீக்கை 16-2 (16 வெற்றி, 2 தோல்வி) என்று முடித்தார்கள். அயோவாவும் இண்டியானாவும் 15-3. கடைசி ஆட்டத்துக்கு முன்பே முதலிடம் உறுதி.

அந்தக் கடைசி ஆட்டம் அயோவா சிட்டியில், மார்ச் 3. அன்று அயோவா 93-83 என்று ஜெயித்தது. இரண்டாம் குவார்ட்டர் முடியும் தறுவாயில் எங்கள் அணிமீது ஒரு டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை. அதனால் கிடைத்த பிரீ த்ரோவில் (யாரும் தடுக்காமல் எறியும் பந்து) கிளார்க், ஆண்கள் ஆட்டத்தில் பீட் மரவிச் எடுத்த 3,667ஐத் தாண்டினார். 1970 முதல் நின்ற சாதனை. மரவிச் மூன்றே சீசன்களில், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில் எடுத்தது அது, ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது வீண் வேலை.

அயோவாவில் அரங்கம் நிரம்பியதற்குக் கிளார்க் மட்டும் காரணம் இல்லை, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் 1993 வரை பெண்கள் ஆறு பேர் அணியாக ஆடினார்கள். மூன்று பேர் தாக்க, மூன்று பேர் தடுக்க, நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தட்டக்கூடாது. மாநிலப் போட்டி வந்தால் ஊரே டெ மாய்ன் நகருக்குக் கிளம்பிவிடும். இங்கே என்னோடு வேலை பார்க்கும் அயோவாப் பெண்மணி ஒருவர், தன் அம்மா காலத்து ஆட்டங்களை இன்னமும் வாயால் வர்ணித்துக் காட்டுவார். விவியன் ஸ்ட்ரிங்கர் பயிற்சியாளராக இருந்த 1985-இல் அயோவா-ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 22,157. அரங்கம் கொள்ளும் அளவைவிட ஆயிரக்கணக்கில் அதிகம். கிளார்க் அப்போது பிறக்கவே இல்லை.

சரி, நாக் அவுட். ஒஹாயோ ஸ்டேட் தன் முதல் ஆட்டத்திலேயே, லீக்கில் எட்டாம் இடத்திலிருந்த மேரிலாண்டிடம் 82-61 என்று சுருண்டது. இறுதியில் அயோவாவுக்கு எதிரே நெப்ராஸ்கா. கிளார்க் முதல் பாதியில் எடுத்தது 4 புள்ளி, முடிவில் 34. கூடுதல் நேரத்தில் 94-89. அருமையான ஆட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கெட்ட மதியம் உங்களை வெளியே தள்ளிவிடும் போட்டி அது. குளிர்கால மாதங்களில் பாதிக்குப் பாதி வெளியூர் போய், வியாழன் ஆடி, ஞாயிறு ஆடி, நடுவில் வகுப்புக்கும் போய் முதலிடம் பிடிப்பது வேறு தரம். கிளார்க்கின் நான்கு ஆண்டுகளில் அயோவா மூன்று நாக் அவுட் கோப்பைகள் வாங்கியது. லீக்கில் தனியாக முதலிடம் ஒருமுறைகூட இல்லை. 2022-இல் பகிர்ந்துகொண்டது ஒன்றுதான், அதுவும் ஒஹாயோ ஸ்டேட்டோடு.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட் இரண்டாம் சுற்றிலேயே, அதுவும் சொந்த அரங்கில், 75-63 என்று வெளியேறியது. தோற்கடித்தது டெய்லரின் பழைய கல்லூரியான டியூக். அயோவா இறுதிவரை போய்த்தான் சௌத் கரோலைனாவிடம் 87-75 என்று தோற்றது.

அடுத்த ஆண்டு பிக் டென் 18 அணிகளானது. லாஸ் ஏஞ்சல்ஸின் யுஎஸ்சி 17-1 என்று லீக்கை ஜெயித்தது. அதே ஊரின் யுசிஎல்ஏவை இரண்டு முறையும் வீழ்த்தியது. நாக் அவுட் இறுதியில் அதே யுசிஎல்ஏ 72-67 என்று கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அந்த ஆண்டுக்கும் இதே கேள்வியை யாராவது கேட்டால், பதில் லாஸ் ஏஞ்சல்ஸில் எந்தப் பக்கம் குடியிருப்பவர் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.