கடற்கரை மணலில் பெனல் வேலி: எந்தத் தூண், எவ்வளவு ஆழம்?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரையை அண்டிய வளவு. பின்பக்கத் தோட்டத்துக்கு ஆறடி உயரத்தில் பெனல் வேலி போடப் போகிறோம். கொங்கிரீட் தூணா, இரும்புக் குழாயா, மரமா? எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்?

பெனலை வாங்கிய பிறகு தூணைத் தேடாதீர்கள். முதலில் வளவில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, நாவற்குடாப் பக்கத்தில் அலவாங்கைத் தொடாமலே மூன்றடி இறங்கிவிடலாம். அவ்வளவு இலகுவாகத் தோண்ட விடுகிற மண், தூணையும் இலகுவாக விட்டுவிடும். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் இறுகிய களிமண்ணில் இரண்டடியில் அசையாமல் நிற்கிற தூண், மணலில் அதே ஆழத்தில் மாரிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். ஆறடி வேலிக்கு எட்டடித் தூண் போதும் என்று கடையில் சொல்வார்கள். உங்கள் மணலுக்கு அது போதாது. ஒன்பதடித் தூண் எடுத்து, மூன்றடியை மண்ணுக்குள் விடுங்கள்.

உண்மையில் ஆறடி வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். காற்றின் அழுத்தம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டாலும், நாலடி வேலியை ஆறடியாக்கினால் தூணின் அடி தாங்கவேண்டிய வளைக்கும் விசை இரண்டேகால் மடங்காகும். பரப்பும் கூடுகிறது, காற்று தள்ளுகிற உயரமும் கூடுகிறது. நம்முடைய பழைய கிடுகு வேலி காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டது, தானும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. இடைவெளி இல்லாத பெனல் அப்படியில்லை. காற்று முழுவதையும் வாங்கித் தூணின் தலையில் போடும். மறைப்பு அவசியமில்லாத பக்கத்துக்கு இடைவெளி விட்ட சட்டப் பெனலைத் தேர்ந்தெடுங்கள்.

எதில் தூண் என்று கேட்டால், கடற்கரைக்குக் கொங்கிரீட் என்றுதான் சொல்வேன். கல்வனைஸ் குழாய் வாங்கும்போது பளபளப்பாக இருக்கும். வெட்டிய முனையிலும் துளை போட்ட இடத்திலும் நாகப் பூச்சு போய்விடுவதால், உப்புக்காற்று அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும். குழாய்தான் என்று முடிவெடுத்தால் மேல்வாயை மூடியிட்டு அடையுங்கள். மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கினால் வெளியில் எதுவும் தெரியாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மரமென்றால் பாலை, முதிரை போன்ற வைரமான மரம் மட்டும். மரத்தூண் உக்குவது ஆழத்தில் அல்ல, ஈரமும் காற்றும் சந்திக்கிற நிலமட்டத்தில். அந்த இடத்துக்கு மேலும் கீழும் அரை அடிக்குத் தார் பூசவேண்டும். அடியில் சல்லிக்கல் போட்டு, நீர் வடிய வழி விடவேண்டும். கறையானை வேறு கவனிக்கவேண்டும்.

கொங்கிரீட் தூணிலும் எல்லாம் ஒன்றல்ல. வாங்குமுன் தூணின் முனையைக் குனிந்து பாருங்கள். கம்பிகள் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமளவு உள்ளே இருந்தால் நல்லது. ஓரத்தோடு ஒட்டியிருந்தால் அந்தத் தூணை விட்டுவிடுங்கள். உப்பு ஊறிக் கம்பி துருவேறும், துருவேறிய கம்பி வீங்கும், தூண் நெடுக்காக வெடிக்கும், பிறகு பட்டை பட்டையாகக் கழன்று விழும். தூண்களை வளவிலேயே வார்ப்பதாக இருந்தால் கடல் மணலை எந்தக் காரணத்துக்காகவும் கலக்கவிடாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடக்கிறதே என்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதிலுள்ள உப்பே கம்பிக்கு யமன். ஆற்று மணலுக்குச் செலவழியுங்கள்.

நடுகிற வேலைக்கு ஆவணி, புரட்டாதி நல்ல காலம். மாரி பிடித்துவிட்டால் இந்தப் பக்கத்தில் குழிக்குள் நீர் ஊறிவிடும். ஆனால் காய்ந்த மணலில் குழியின் கரை சரிந்துகொண்டேயிருக்கும். முதல்நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். ஈரமணல் கரையைப் பிடித்து நிற்கும். அதற்கும் சரிந்தால், இரு பக்கமும் வெட்டித் திறந்த தகர பரலை குழிக்குள் இறக்கி, அதற்குள் தோண்டுங்கள். கலவை ஊற்ற ஊற்ற அதை மெல்ல மேலே இழுத்துக்கொள்ளலாம். குழியின் அகலம் தூணைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும்.

முதலில் இரு முனைத் தூண்களை மட்டும் நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேர் பாருங்கள். அவற்றுக்கிடையே மேலும் கீழும் இரண்டு நூல் கட்டி, இடைத் தூண்களை அந்த நூலுக்கு நிறுத்துங்கள். எல்லாத் தூணையும் அளந்து நட்டுவிட்டுக் கடைசியில் பெனலைக் கொண்டுவருகிற மேசன்மார் உண்டு. அப்படிச் செய்தால் எங்காவது அரை அங்குலம் இடிக்கும், கொங்கிரீட்டைக் கொத்தவேண்டி வரும். பெனலின் அகலத்துக்கு ஒரு சட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தூணுக்கும் மேலும் கீழும் வைத்துப் பார்த்த பிறகே கலவை ஊற்றச் சொல்லுங்கள். கலவையின் மேற்புறம் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், நீர் தேங்காது. ஒரு வாரம் நனைத்துவிட்டுப் பிறகு பெனலை ஏற்றுங்கள். மரப் பெனலென்றால் நிலத்தைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கி மாட்டுங்கள்.

படலைக்கு வருகிற இரண்டு தூண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படலையின் பாரம் ஒரே பக்கம் இழுக்கும். அவற்றுக்கு ஆறு அங்குலத் தூண், இன்னும் அரையடி ஆழம், இரண்டு குழிகளையும் நிலத்துக்கடியில் இணைக்கும் ஒரு கொங்கிரீட் பட்டி. வேலி முழுவதற்கும் ஆகிற செலவில் இது சிறியதுதான்; மேசனிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.