பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து மேய...

கேள்வி: தமிழக அரசின் வரவு செலவை யாரும் எளிதாகப் பார்க்கும்படி ஓர் இணையதளம் அமைக்க நண்பர்கள் சிலர் முயல்கிறோம். தரவை எங்கிருந்து எடுப்பது? (வாசகர், ஈரோடு)

பதில்: முக்கியமாக மூன்று இடங்கள். பட்ஜெட்டோடு நிதித்துறை வெளியிடும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களில், துறைவாரியாகச் செலவிட நினைக்கும் தொகை இருக்கும். ஆண்டு முடிந்தபின் சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தரும் நிதிக் கணக்கிலும் ஒதுக்கக் கணக்கிலும் உண்மையில் செலவான தொகை இருக்கும். இடைப்பட்ட காலத்துக்கு சிஏஜி தளத்தில் மாதாந்திரக் கணக்கு கிடைக்கும். அது தணிக்கைக்கு முந்தையது என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2025-26 புத்தகத்தில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: 2023-24 கணக்கு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு, 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. அதாவது ஒரே ஆண்டின் எண் அடுத்தடுத்த மூன்று புத்தகங்களில் வெவ்வேறாக வரும். ஆகவே அட்டவணையில் 'ஆண்டு' என்று மட்டும் போட்டால் போதாது. மதிப்பீட்டின் வகை, எந்த ஆண்டுப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். பக்க எண் இல்லாத எண்ணை ஒருவர் மறுத்தால், உங்களிடம் பதில் இருக்காது.

கேள்வி: 2210, 4210 என்று வரும் எண்களுக்கு என்ன பொருள்? அவற்றை விட்டுவிட்டுத் துறைப் பெயரை மட்டும் போட்டால் ஆகாதா? (வாசகி, கரூர்)

பதில்: ஆகாது. துறையின் பெயர் மாறும், பிரியும், சேரும். எண் அவ்வளவு எளிதில் மாறாது. முதல் நான்கு இலக்கம் பெருந்தலைப்பு, அதாவது எந்த வகை வரவு அல்லது செலவு என்பதன் எண். 0, 1 இல் தொடங்கினால் வருவாய் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. 6, 7 கடன்கள். 8 பெரும்பாலும் பொதுக் கணக்கு, அதாவது வைப்பு நிதி போல அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம். மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 0210 அத்துறையின் வரவு, 2210 சம்பளம், மருந்து போன்ற அன்றாடச் செலவு, 4210 கட்டடம் போன்ற மூலதனச் செலவு, 6210 கொடுத்த கடன். முதல் இலக்கத்தோடு இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரே துறையின் நான்கு முகமும் கிடைத்துவிடும். இவ்வளவு அழகான ஏற்பாட்டைத் தளத்தில் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

இந்த எண்களை எக்ஸெல்லில் தட்டும்போது கவனம். 0030 (முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்) வெறும் 30 ஆகிவிடும். 2210-03 என்று தட்டினால் அதை 2210 ஆம் ஆண்டு மார்ச் மாதம் என்று எடுத்துக்கொள்ளும். 2210-80 மட்டும் தப்பிக்கும், ஏனெனில் எண்பதாவது மாதம் கிடையாது! பாதி வரிகள் சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. எண்களைத் தட்டும் முன்பே அந்தப் பத்தியை 'எழுத்து' வகையாக அமைத்துவிடுங்கள்.

கேள்வி: பிடிஎப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கிறுக்கலாக வருகிறதே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பழைய கோப்புகள் வானவில் போன்ற, யூனிகோடு (உலகப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 இல்தான். எழுத்துரு மாற்றி வைத்து மாற்றிவிடலாம். யூனிகோடு கோப்பிலும் ஒரு வம்பு உண்டு: 'கொ' வில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலில் சிக்காது. எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிய பிறகே சேமியுங்கள். பதிவிறக்கத்துக்கு வைக்கும் சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8 ஆக, தொடக்கத்தில் பிஓஎம் குறியோடு (கோப்பின் குறியீட்டு முறையை எக்ஸெல்லுக்கு உணர்த்தும் மறைகுறி) கொடுங்கள். அது இல்லாவிட்டால் எக்ஸெல்லில் மீண்டும் கிறுக்கல்தான்.

கேள்வி: எல்லா மானியக் கோரிக்கைகளையும் கூட்டிப் பார்த்தோம். பட்ஜெட் உரையில் சொன்ன தொகை வரவில்லை. எங்கே தவறு? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பாலும் தவறு கூட்டலில் இருக்காது. முதலில் அலகைப் பாருங்கள். உரையில் கோடி இருக்கும், புத்தகத்தில் ஆயிரம் இருக்கும். ஒரு கோடி என்பது 10,000 ஆயிரம். அடுத்தது, மானியக் கோரிக்கை மொத்தத் தொகையைக் காட்டும். திரும்ப வரவேண்டிய தொகைகளைக் கழித்து நிகரத்தைக் காட்டுவது ஆண்டு நிதிநிலை அறிக்கை. கழிக்க வேண்டிய வரிகளை எதிர்மறை எண்ணாகப் பதியாமல் விட்டால் செலவு ஊதிப்போகும். மூன்றாவது, கோரிக்கைகளில் வருவாய்ச் செலவு, மூலதனம், கடன் எல்லாம் கலந்திருக்கும். 6003 இன் கீழ் வரும் கடன் அசலைத் திருப்பிக் கட்டுவதையும் 'செலவு' என்று சேர்த்திருப்பீர்கள்.

சரிபார்க்க ஓர் எளிய வழி: 2025-26 பட்ஜெட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, பற்றாக்குறை 41,635 கோடி. உங்கள் தரவில் 0, 1 தலைப்புகளின் நிகரக் கூட்டல் முதல் எண்ணையும், 2, 3 தலைப்புகளின் நிகரக் கூட்டல் இரண்டாவதையும் தொட வேண்டும். இதை நிரலாகவே எழுதி, பொருந்தாத நாளில் தளம் புதுப்பிக்கப்படாதபடி பூட்டிவிடுங்கள். வண்ண வண்ண வரைபடமெல்லாம் அதற்குப் பிறகு போதும்.

பத்தாண்டு ஒப்பீடு செய்தால் 2017-18 இல் ஒரு கோடு போடுங்கள். திட்டச் செலவு (ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்ந்தது), திட்டமல்லாச் செலவு (சேராதது) என்ற பிரிவினை அதோடு போய்விட்டது.

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு என்று காட்ட முடியுமா? (வாசகி, கரூர்)

பதில்: புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக முடியாது. கணக்குத் தலைப்பு எண்ணில் மாவட்டம் கிடையாது. பணம் எடுத்து வழங்கும் அலுவலர் வாரியாகக் கருவூலத்தில் அது இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'எங்கள் மாவட்ட சுகாதாரச் செலவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், '2210-03-103 (ஆரம்ப சுகாதார நிலையங்கள்) தலைப்பில் 2024-25 இல் இந்த மாவட்டத்தில் அலுவலர் வாரியாகச் செலவான தொகை' என்று எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 7(9) பிரிவைச் சுட்டி மின்கோப்பாகவே தரும்படி கேளுங்கள். மறந்தால் அச்சுத்தாள் கட்டு வந்து சேரும், அதை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.